வி.ஜி.பி.க்கு ஒரு சாயங்காலம், வொண்டர்லாவுக்கு ஒரு முழு நாள்

கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்றால் சென்னையில் இருப்பவர்களுக்குத் திட்டம் போடுவது பெரிய வேலையாக இருந்ததில்லை. ஒரு சாயங்காலம் மெரினா, ஒரு காலை வண்டலூர், ஒரு நாள் வி.ஜி.பி. கேளிக்கைப் பூங்கா, நடுவில் தி.நகர். இந்த வருஷம் அந்த அட்டவணை கலைந்துவிட்டது. 2025 டிசம்பர் தொடக்கத்தில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவைத் திறந்தார்கள். அதற்கு இதுதான் முதல் கோடை. பிள்ளைகள் ரீல்ஸில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டார்கள். பெரியவர்களுக்கோ வி.ஜி.பி.யை விட மனசில்லை.

எங்கள் வீட்டுக்குத் திருச்சியிலிருந்து அக்கா குடும்பம் வருகிறது. கையில் மூன்று நாள். "பழசுக்கு ஒரு நாள், புதுசுக்கு ஒரு நாள், மூணாவது நாள் ரெஸ்ட்" என்று அக்கா வீட்டுக்காரர் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தால், சமமாகப் பிரிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி என்று எனக்குப் படுகிறது. புதுசுக்கு ஒரு நாள் பற்றாமல் போகும். பழசில் ஒரு நாள் மிஞ்சிப்போய், மத்தியான வெயிலில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

பூங்காவைப் பார்ப்பதற்கு முன்னால் வரப்போகிற ஆட்களைப் பார்க்க வேண்டும். அதிலும் வயதைவிட உயரத்தை. வொண்டர்லாவில் டிக்கெட்டே உயரத்தை வைத்துத்தான்: 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 85 முதல் 140 வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேலே பெரியவர். பெரிய ரைடுகளுக்கு ஏற்றும்போதும் வாசலில் ஓர் அளவுகோல் நிற்கும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் பத்து, பதினொரு வயதில்தான் 140-ஐத் தொடுகிறார்கள். ஆகவே ஒன்பது வயதுப் பையனுக்கு முகப்புப் பலகையில் பார்த்த ரோலர் கோஸ்டரில் ஏற வழியில்லாமல் போகலாம். பக்கத்தில் பதினாலு வயது அக்கா ஏறிப் போவாள். இவன் கீழே நின்று அழுவான். அப்பா "ஒரு செ.மீ.தானே சார்" என்று கெஞ்சுவார். அங்கே நிற்கிற ஊழியர் விடக்கூடாது. விடாமல் இருப்பதுதான் சரி. தோளுக்கு மேலிருந்து இறங்கும் பிடி ஒரு குறிப்பிட்ட உடல் அளவுக்குச் செய்தது. உடம்பு சின்னதாக இருந்தால் தலைகீழாகச் சுற்றும்போது அதற்குள்ளிருந்து நழுவ இடம் உண்டு. அதனால் டிக்கெட் போடுவதற்கு முன்பு வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்துவிடுங்கள். எந்தப் பூங்காவுக்கு எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்தக் கோட்டில் வந்துவிடும்.

மறுமுனையில் பெரியவர்கள். முழங்கால் வலிக்கிற அம்மா, ரத்த அழுத்த மாத்திரை போடுகிற மாமியார். இருதயக் கோளாறு, முதுகு வலி, கர்ப்பம் இருந்தால் பெரிய ரைடு எதற்கும் எந்தப் பூங்காவிலும் அனுமதி கிடையாது. மூத்த குடிமக்களுக்கு டிக்கெட்டில் சலுகை உண்டு, சரி. ஆனாலும் அவர்கள் நாள் முழுக்கப் பைகளுக்குக் காவல் இருக்கத்தான் அந்தக் காசு. இதை யாரும் வெளியே சொல்வதில்லை. "நான் இங்கேயே உக்காந்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள், நாமும் நம்பிவிடுவோம்.

இனி தூரம். வி.ஜி.பி. இருக்கும் ஈஞ்சம்பாக்கம் ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) நகரத்தை ஒட்டியே இருக்கிறது. திருவான்மியூர் தாண்டினால் கொஞ்ச நேரம்தான். உத்தண்டி டோல்கேட்டுக்கு முன்பே வந்துவிடுவதால் டோலும் இல்லை. இள்ளலூர் கதை வேறு. பழைய மகாபலிபுரம் சாலையான ஓ.எம்.ஆரைப் பிடித்துக் கேளம்பாக்கம், திருப்போரூர் என்று போக வேண்டும். வடசென்னையிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ கிளம்பினால் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். நாவலூர் டோல் 2023 அக்டோபரோடு போய்விட்டது. அது ஒரு நிம்மதி. அதற்குப் பதிலாக மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரைக்கும் மெட்ரோ வேலை நடக்கிறது. காலையில் ஐ.டி. கம்பெனிக் கூட்டத்தோடு சேர்ந்து போனால் சோழிங்கநல்லூரிலேயே பிள்ளைகள் "இன்னும் எவ்ளோ தூரம்" என்று ஆரம்பித்துவிடும். எட்டு மணிக்கு முன்னால் ஓ.எம்.ஆரைக் கடந்துவிட்டால் தப்பித்தீர்கள்.

தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் பாதிதான். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாக நகரத்துக்குள் நுழையாமலே போய்விடலாம். தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் போகும் 515 பஸ் திருப்போரூர் வழியாகத்தான் போகிறது. வெளியூர்க்காரர்களுக்கும் இதில் ஒரு வசதி இருக்கிறது. தென் மாவட்டப் பஸ்கள் கிளம்புவதும் நிற்பதும் இப்போது கிளாம்பாக்கத்தில். இள்ளலூரிலிருந்து அங்கே போக ஊருக்குள் வர வேண்டியதே இல்லை. எங்கள் திட்டத்தில் எந்தப் பூங்கா எந்த நாள் என்பதை இதுதான் முடிவு செய்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வொண்டர்லாவில் அப்படி என்ன இருக்கிறது என்று அம்மா கேட்டார். 64 ஏக்கர், தரையிலும் தண்ணீரிலுமாக 43 ரைடுகள் என்று சொன்னேன். அவருக்கு அதில் ஒன்றும் புரியவில்லை, நியாயம்தான். எண்ணிக்கையை வைத்து எந்தப் பூங்காவையும் எடை போட முடியாது. பேசுவதற்குத் தகுதியான ஒரே சங்கதி 'தஞ்சோரா' என்று பெயர் வைத்திருக்கும் ரோலர் கோஸ்டர். இன்வர்டெட் கோஸ்டர் வகை. அதாவது தண்டவாளம் தலைக்கு மேலே ஓடும், இருக்கை அதிலிருந்து தொங்கும், கால் அந்தரத்தில் ஆடும். இதைச் செய்தது சுவிட்சர்லாந்தின் போலிகர் அண்ட் மபியார் கம்பெனி. 1988-இல் இரண்டு பொறியாளர்கள் சேர்ந்து தொடங்கியது. 1992-இல் சிகாகோ பக்கத்தில் இந்தத் தொங்கும் வகையின் முதல் கோஸ்டரை நிறுவி உலகம் முழுக்கப் பேர் வாங்கினார்கள். அவர்களுடைய இந்த வகைக் கோஸ்டர் இந்தியாவுக்கு வந்திருப்பது இதுதான் முதல் தடவை.

இதற்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம் என்றால், நல்ல கோஸ்டருக்கும் சுமாரான கோஸ்டருக்கும் உள்ள வித்தியாசம் வேகத்தில் இல்லை. சுமாரானதில் வளைவுக்கு வளைவு தலை போய்ப் பிடியில் இடிக்கும். இறங்கும்போது கழுத்தைத் தடவிக்கொண்டுதான் இறங்குவோம். நல்லதில் தண்டவாளமே சுழல்கிற கோணத்தை உடம்பின் நடுப்பகுதியைச் சுற்றிக் கணக்கிட்டிருப்பார்கள். அதனால் தலைகீழாகப் போகும்போதும் இருக்கையோடு அழுத்திப் பிடித்த மாதிரி இருக்குமே தவிரத் தூக்கி எறிந்த மாதிரி இருக்காது. கழுத்து வலிக்குப் பயந்து வேண்டாம் என்கிற நாற்பது வயதுக்காரர்கள்கூட இதை ஒரு தடவை யோசிக்கலாம். எனக்குப் பயம்தான். ஏறப்போகிறேன்.

ஆனால் இந்த ஒரு ரைடுக்குத்தான் க்யூ நீளும். கணக்கை எளிதாகப் போட்டுப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 20 பேர், ஏற்றி இறக்கிப் பிடி சரிபார்த்து அனுப்ப 4 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 300 பேர். மே மாத ஞாயிற்றுக்கிழமை சில ஆயிரம் பேர் வந்தால் எல்லோரும் முதலில் நிற்பது இங்கேதான். பத்து நிமிடம் தாமதமாக வந்தவர் ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்பார். ஃபாஸ்ட் டிராக் என்று தனி டிக்கெட் உண்டு, வரிசையைத் தாண்டிப் போகலாம், விலை அதிகம். வாரநாளில் அதற்குத் தேவை இருக்காது என்பது என் எண்ணம். வாரக் கடைசியில் போயே தீர வேண்டியவர்கள் மட்டும் அந்தக் காசைப் பற்றி யோசிக்கட்டும். வாசல் திறந்ததும் லாக்கர், சாப்பாடு, போட்டோ என்று எதிலும் நிற்காமல் நேராகத் தஞ்சோராவுக்கு நடப்பது காசில்லாத ஃபாஸ்ட் டிராக்.

இப்படி ஒரு பூங்காவில் அரை நாளில் ஒன்றும் முடியாது. காலையில் தரை ரைடுகள், வெயில் ஏறியதும் தண்ணீர், தண்ணீரை மூடிய பிறகு மறுபடியும் உடை மாற்றிக்கொண்டு விளக்கு வெளிச்சத்தில் மிச்சம் இருப்பவை. இதுதான் அந்த நாளின் இயல்பான நடை. "காலையில் வொண்டர்லா, திரும்பும் வழியில் வி.ஜி.பி." என்று ஒரே நாளில் இரண்டையும் கோக்க நினைப்பவர்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள், உப்பும் குளோரினும் வேர்வையுமாகக் காரில் தூங்கி வழியும் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லவில்லை.

வி.ஜி.பி. பக்கம் வருவோம். தொண்ணூறுகளில் சென்னையில் வளர்ந்தவர்களை மூன்று கட்சியாகப் பிரித்துவிடலாம். வி.ஜி.பி. கட்சி, முட்டுக்காட்டு எம்.ஜி.எம். கட்சி, அப்புறம் தாம்பரம் பக்கத்துக் கிஷ்கிந்தா கட்சி. கிஷ்கிந்தாவை 1995-இல் தொடங்கியவர் நவோதயா அப்பச்சன், இந்தியாவின் முதல் 3டி படத்தை எடுத்தவர். அந்தக் கட்சிக்காரர்கள் இன்றும் அதைச் சொல்லித்தான் சண்டைக்கு வருவார்கள். எங்கள் வீடு வி.ஜி.பி. கட்சி. ஸ்கூல் எக்ஸ்கர்ஷன் என்றால் ஈஞ்சம்பாக்கம், கையில் புளியோதரைப் பொட்டலம், வாட்டர் பாட்டில், வரிசையாக இரண்டு இரண்டு பேராகக் கை கோத்துக்கொண்டு நடை. வி.ஜி.பி. என்ற பெயர் அதற்கு முன்பே வீட்டுக்குள் வந்திருந்தது. தவணை முறையில் ரேடியோவும் ஃபேனும் கொடுத்து நடுத்தர வர்க்கத்தைப் பிடித்தவர் வி.ஜி.பன்னீர்தாஸ். அந்தக் கடையின் கடற்கரைத் தோட்டம் என்பதே அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை.

இதில் ஒரு வேடிக்கை. வொண்டர்லாவின் வேரும் வீட்டு மின்சாமான் வியாபாரத்தில்தான் இருக்கிறது. 1977-இல் கேரளத்தில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்து விற்க வி-கார்டு கம்பெனியைத் தொடங்கிய கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளிதான் 2000-இல் கொச்சியில் வீகாலேண்டைத் திறந்தார். அதுதான் பின்னால் வொண்டர்லா ஆனது. 2005-இல் பெங்களூரு, 2016-இல் ஹைதராபாத், 2024-இல் புவனேஸ்வர், இப்போது ஐந்தாவதாக நாம். உள்ளாட்சிக் கேளிக்கை வரிப் பிரச்சினையில் சென்னைத் திட்டம் பல வருஷம் இழுத்தடித்தது. இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை எப்போதோ எழுதியிருக்கலாம்.

வி.ஜி.பி.யில் எனக்கு மறக்காதது ராட்டினம் எதுவும் இல்லை. வாசல் பக்கம் ராஜா காலத்துச் சிப்பாய் உடையில் அசையாமல் நிற்பாரே, அந்தச் சிலை மனிதர். லண்டன் அரண்மனைக் காவலர்களைப் பார்த்து வந்த யோசனை என்பார்கள். அவரைச் சிரிக்க வைப்பதாகப் பந்தயம் கட்டாத பையன் அந்தக் காலத்தில் இல்லை. மூக்கைச் சுளிப்பது, குரங்கு சேட்டை செய்வது, காதருகே போய் மொக்கை ஜோக் சொல்வது என்று எல்லாம் நடக்கும். மனிதர் கண்கூட அசைக்க மாட்டார். அப்பா வந்து "பாவம்டா, அவருக்கு இது வேலை" என்று தள்ளிக்கொண்டு போவார். இன்றைக்கு நினைத்தால் அந்த நிற்பே பெரிய சாதனை என்று தோன்றுகிறது.

இந்த ஆசையை நேர்மையாகப் பார்க்க வேண்டும். இது அப்பா அம்மாக்களின் ஆசை. பதினாலு வயதுப் பெண்ணுக்கு ஜெயன்ட் வீலைக் காட்டி "நாங்க உன் வயசுல இதுல ஏறித்தான் கத்தினோம்" என்றால் மரியாதைக்குத் தலையாட்டுவாள். இரண்டாவது மணி நேரத்தில் போனை எடுத்துவிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ரைடுகளை வைத்து மட்டும் ஒப்பிட்டால் போட்டியே கிடையாது; வொண்டர்லா எங்கேயோ இருக்கிறது.

ஆனால் வி.ஜி.பி.யிடம் அந்தப் பூங்காவால் வாங்க முடியாத ஒன்று இருக்கிறது. கடல். சென்னையில் மே மாதம் மத்தியானம் வாக்கில் கடற்காற்று உள்ளே வர ஆரம்பிக்கும். தரை சீக்கிரம் சூடாகிக் காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று நுழைகிறது. கரையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்துக்கு அது முதலில் வரும். பல கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும் இள்ளலூருக்குத் தாமதமாக, வேகம் குறைந்து வரும். சில நாள் மேற்குக் காற்று பலமாக இருந்தால் எங்குமே சாயங்காலம் வரை வராமல் படுத்தும், அது வேறு விஷயம். பொதுவாக நாலு மணிக்கு மேல் வி.ஜி.பி. கடற்கரைப் பக்கம் உட்காருவதற்கு நன்றாக இருக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது போதும். மிளகாய் பஜ்ஜி, சுண்டல், பேச்சு. அம்மாவைக் கேட்டால் பூங்காவுக்குப் போவதென்றால் அதுதான் என்பார். ஒன்று மட்டும்: இந்தக் கரையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஈ.சி.ஆர். கடல் சட்டென்று ஆழமாகும், இழுப்பு அதிகம், வருஷா வருஷம் உயிர்கள் போகின்றன.

அதோடு பழைய இடம் பழையதாகவே நின்றுவிடவும் இல்லை. 2019-இல் அதே வளாகத்தில் மரைன் கிங்டம் திறந்தார்கள். கண்ணாடிச் சுரங்கத்துக்குள் நாம் நடக்க, தலைக்கு மேலே திருக்கை மீன் போகும். அதற்குத் தனி டிக்கெட். பனிக்கூடமான ஸ்நோ கிங்டத்துக்கும் தனி. உயரக்கோடு எட்டாத ஒன்பது வயதுப் பையனும் எதிலும் ஏற முடியாத பாட்டியும் சேர்ந்து ஒரே விதமாக வாயைப் பிளந்து பார்க்கக்கூடிய இடம் இரண்டு பூங்காக்களையும் சேர்த்துத் தேடினாலும் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். குளிர்சாதன வசதி இருக்கிறது என்பதை மே மாதத்தில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது காசு. வொண்டர்லா திறந்தபோது சொன்ன ஆரம்ப விலை ஒருவருக்கு 1,489 ரூபாய். வாரக் கடைசியிலும் விடுமுறை நாளிலும் கூடும். ஆறு பேருக்குப் பெரியவர் டிக்கெட் என்று வைத்தால் 8,934. ஆன்லைனில் முன்பதிவு செய்தால் 10 சதவீதம் குறையும் என்று அறிவித்திருந்தார்கள், அப்படிப் பார்த்தால் ஏறத்தாழ 8,040. கல்லூரி அடையாள அட்டை இருந்தால் 20 சதவீதம். வீட்டில் காலேஜ் படிக்கும் தம்பி இருந்தால் அட்டையை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். இதற்கு மேல் லாக்கர், சாப்பாடு, நைலான் உடை, போக்குவரத்து. வெளிச் சாப்பாடு உள்ளே எடுத்துப் போக முடியாது; புளியோதரைப் பொட்டலக் காலம் முடிந்தது. ஆறு பேர் ஒரு நாள் போய்வர பதினைந்தாயிரத்தை ஒதுக்கிவைப்பது நல்லது.

அந்த நைலான் உடை விஷயத்தில் வாசலில் தகராறு செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ரைடுகளுக்குப் பருத்தித் துணி கூடாது என்பது வீம்புக்கு வைத்த விதி இல்லை. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், சறுக்கும்போது உடம்போடு ஒட்டிச் சிராய்க்கும், அதிலிருந்து உதிரும் நூல் வடிகட்டியை அடைக்கும். சுடிதாரோடும் வேட்டியோடும் அலைக்குளத்தில் இறங்கியே பழகியவர்களுக்கு முதலில் சங்கடமாகத்தான் இருக்கும். தி.நகரிலோ பாரிமுனையிலோ முழுக்கை நைலான் டி-ஷர்ட்டும் லெக்கிங்ஸும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டால் செலவும் குறையும், சங்கடமும் குறையும்.

வி.ஜி.பி.யில் டிக்கெட் அதைவிட மலிவு. ஆனால் இங்கே வேறொரு கேள்வி வரும். "அரை நாளுக்கு எதுக்கு முழு டிக்கெட்?" என்று அக்கா வீட்டுக்காரர் கேட்டார். நல்ல கேள்வி. அதனால்தான் எல்லோருக்கும் எல்லா டிக்கெட்டும் என்று போகாமல், மரைன் கிங்டத்துக்கு மட்டும் அனைவருக்கும் எடுத்து, ராட்டினத்தில் ஏற விரும்புகிற இரண்டு மூன்று பேருக்கு மட்டும் பூங்கா டிக்கெட் எடுக்கலாம் என்று முடிவு செய்தோம். இரண்டு பூங்காக்களிலும் ஆட்களுக்கேற்பப் பணத்தைப் பிரித்தால், சமமாகப் பிரித்ததைவிட மொத்தச் செலவு குறைவாகத்தான் வருகிறது.

பாதுகாப்புப் பற்றியும் வீட்டில் பேச்சு வந்தது. 2025 மே மாதம் ஈ.சி.ஆர். பூங்கா ஒன்றில் ராட்டினம் உயரத்தில் நின்றுபோய், தீயணைப்புத் துறையினர் வந்து ஆட்களை இறக்கிய செய்தியைப் பார்த்ததிலிருந்து அக்காவுக்குப் பயம். ரைடு நின்றுபோவதும் விபத்தும் ஒன்றில்லை. இப்போதைய ரோலர் கோஸ்டர்களில் தண்டவாளத்தைப் பல கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். ஒரு கட்டத்துக்குள் ஒரு ரயில்தான் இருக்கலாம். எங்காவது ஒரு சென்சார் சந்தேகப்பட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அதாவது நிற்பது பல சமயம் பாதுகாப்பு ஏற்பாடே வேலை செய்வதால்தான். ஆனால் நின்ற பிறகு எவ்வளவு சீக்கிரம் இறக்குகிறார்கள் என்பது நிர்வாகத்தின் கையில். பூங்கா பழசா புதுசா என்று பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: ஏற்றுகிற பையன் ஒவ்வொரு பிடியையும் கையால் இழுத்துப் பார்க்கிறானா, இல்லை கும்பலைப் பார்த்து அவசரப்பட்டு விசில் ஊதுகிறானா. இரண்டாவது என்றால் அன்றைக்கு அந்த ரைடு எங்களுக்கு வேண்டாம்.

எங்களுடையதுக்கு மாறான குடும்பங்களும் உண்டு. பிள்ளைகள் எல்லாம் ஆறு வயதுக்குக் கீழே, கூட இரண்டு தாத்தா பாட்டி என்றால் வொண்டர்லாவை இந்த வருஷம் விட்டுவிடலாம். இன்னும் மூன்று நாலு வருஷத்தில் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள், தஞ்சோரா எங்கேயும் போகாது. அவர்களுக்கு ஈ.சி.ஆரே இரண்டு அரை நாள் தாங்கும்: ஒரு காலை முதலைப் பண்ணை, ஒரு சாயங்காலம் வி.ஜி.பி. முதலைப் பண்ணை 1976-இல் ராமுலஸ் விட்டேகர் தொடங்கியது. பிள்ளைகள் ராட்டினத்தை மறந்தாலும் அந்த முதலைகளை மறக்க மாட்டார்கள். இதற்கு நேர் எதிராக, வருவது முழுக்கக் காலேஜ் பசங்கள் என்றால் வி.ஜி.பி. பேச்சையே எடுக்க வேண்டாம். காலையில் இள்ளலூர், ராத்திரி வரை அங்கேயே.

எங்களைப் போல மூன்று தலைமுறையும் கலந்து வருபவர்களுக்கு நான் போட்ட கணக்கு இது. ஞாயிறு ராத்திரி பஸ் ஏறித் திங்கள் காலை கிளாம்பாக்கத்தில் இறங்குகிறார்கள். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, மூன்று மணிக்கு மேல் வி.ஜி.பி. முதலில் மரைன் கிங்டம், வெயில் தாழ்ந்ததும் ராட்டினக்காரர்கள் ராட்டினத்துக்கு, மற்றவர்கள் கடற்கரைக்கு. பழசை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. தஞ்சோராவில் ஏறி இறங்கிய மறுநாள் ஜெயன்ட் வீலைக் காட்டினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். முதல் நாள் என்றால் அதையும் ஆசையாக ஏறுவார்கள்.

செவ்வாய் எந்தப் பூங்காவும் இல்லை. தி.நகர் போகிறவர்கள் போகட்டும், நைலான் உடையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். புதன்கிழமை முழுக்க வொண்டர்லா. அம்மாவையும் மாமியாரையும் அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிடுகிறோம். "அப்பாடா" என்றார் மாமியார். திருப்போரூர் கந்தசாமி கோயிலுக்காவது கூட வருகிறேன் என்று அம்மா சொல்லிப் பார்த்தார். பனைமரத்தில் அமைந்த மூலவர், ரொம்ப நாள் வேண்டுதல். ஆனால் கோயில் நடை மத்தியானம் சாத்திவிடுவார்கள், பூங்காவுக்குள் போனவர்கள் சாயங்காலம்தான் வெளியே வருவார்கள். நடுவில் அவர் எங்கே இருப்பார்? அதை இன்னொரு நாள் தனியாக, நிதானமாகக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

புதன் ராத்திரி வீட்டுக்குத் திரும்பாமல், பெட்டிகளைக் காரிலேயே வைத்துக்கொண்டு, இள்ளலூரிலிருந்து நேராகக் கிளாம்பாக்கம் போய்த் திருச்சி பஸ் ஏறுவதாக ஏற்பாடு. ஊருக்குள் வந்து திரும்பப் போகும் நேரம் மிச்சம். ஓடிக் களைத்த பிள்ளைகள் பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். பஸ் மட்டும் பத்து மணிக்கு மேல் கிளம்புவதாகப் பார்த்துப் புக் செய்யச் சொன்னேன். அக்கா வீட்டுக்காரர் ஒன்பது மணி பஸ்ஸில் சீட் நன்றாக இருக்கிறது என்கிறார். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் இப்போது வாட்ஸ்அப்பில் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.